பதியாத கல்யாணமும் ஒரு முத்திரைத்தாளும்

மேலூர் பெரியப்பா, காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். மூன்று வருடமாகத் தனித்தனியே இருக்கும் நம் பெண்ணும் மாப்பிள்ளையும் இனிப் பிரிந்துவிடுவதே நல்லது என்று நேற்று மாப்பிள்ளை வீட்டாருடன் பேசி முடிவாயிற்று. 2004-இல் நடந்த அந்தக் கல்யாணத்தை நாம் எங்கும் பதியவில்லை. பதியாத கல்யாணத்துக்கு நீதிமன்றம் எதற்கு, முத்திரைத்தாளில் எழுதி ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

சென்னைத் தம்பி, 7.20
பெரியப்பா, கரூர் மாமா நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கேட்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கரூர் மாமா, 7.48
அத்தான், பதிவு என்பது கல்யாணம் நடந்ததற்கு அத்தாட்சி மட்டுமே. பதியாமல் விட்டதால் திருமணம் செல்லாமல் போகாது என்று 1955-ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே சொல்கிறது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009 நவம்பர் 24 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. நம் பெண்ணின் கல்யாணம் அதற்கு முந்தியது. சொல்லப்போனால், சடங்கே நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கியிருந்த இருவரின் திருமணம் செல்லாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாலி கட்டி நடந்த கல்யாணத்தைச் சட்டப்படி முடிக்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

மேலூர் பெரியப்பா, 7.55
நம் பக்கத்தில் அத்துவிட்டு எத்தனையோ பேர் மறுகல்யாணம் செய்திருக்கிறார்களே?

கரூர் மாமா, 8.10
யாரும் வழக்குப் போடாதவரை அது ஓடும். வழக்கப்படியான மணமுறிவை அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஏற்கிறது என்றாலும், அந்த வழக்கம் நெடுங்காலமாக இடைவிடாமல் இருந்துவருகிறது என்று அதைச் சொல்பவரே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனால், மறுகல்யாணம் செய்தவருக்கு ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அப்படியொரு பத்திரத்தை, மடிப்பெல்லாம் கிழிந்த நிலையில், ஓர் அம்மா சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். நீதிபதி அதை வாசித்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார். இருவருக்கும் சம்மதம் என்பதால் 13-பி பிரிவில் சேர்ந்தே மனுப் போடலாம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும். அதன்பின் காத்திருக்கச் சொல்லும் ஆறு மாதத்தையும், தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. மனுவுக்காக இப்போது போய்ப் பதிய வேண்டியதில்லை. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, குடும்ப அட்டை, பையனின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

அக்கா, 8.31
மாமா, பத்திரிகையைச் செல் அரித்துவிட்டது. அம்மாவின் இரும்புப் பெட்டியில் மொய் நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே தேதியும் மண்டபத்தின் பெயரும், எல்லாம் பெரியப்பாவின் கையெழுத்தில். அவர்கள் அனுப்பிய முத்திரைத்தாள் நகலையும் நேற்று இரவு படித்தேன். அதில் என் முப்பது பவுனைப் பற்றியோ, பையனின் படிப்புச் செலவைப் பற்றியோ ஒரு வரி கூட இல்லை. "இனி எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன்" என்ற வரி மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

கரூர் மாமா, 8.34
நகையையும் படிப்புச் செலவையும் மனுவிலேயே எழுதிக்கொள்வோம், அம்மா. அந்த நோட்டைப் பத்திரமாக வை. துணைச் சான்றாக உதவும்.

மேலூர் பெரியப்பா, 8.52
அந்த வரியை நான் கவனிக்கவில்லை, தாயி. முத்திரைத்தாள் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். நோட்டின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. என் எழுத்து இன்னும் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.