ரிப்பனுக்கு என்ன சொல்? – அடையாள அட்டை அச்சுப்பொறிக் கையேட்டுக்காக

பயிற்றுநர் எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வண்ண அடையாள அட்டை அச்சடிக்கும் பொறியைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பு தொடங்குகிறது. அதற்குள் கையேடு அச்சுக்குப் போயாக வேண்டும். அட்டைத் தட்டு, தூய்மை உருளை, தாங்குருளை, துப்புரவு அட்டை என்று பெரும்பாலான சொற்கள் அமைந்துவிட்டன. சிக்கியிருப்பது ரிப்பன்.

வரைவில் இப்போது 'மைநாடா' என்று இருக்கிறது. தட்டச்சுப் பொறிக் காலத்துச் சொல். ஆனால் இந்தப் பொறியில் திரவ மையே கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றில் அட்டை அளவுக்கு மஞ்சள், அடுத்து மெஜந்தா, சயான், கருப்பு, கடைசியில் நிறமற்ற காப்புப் படலம், மறுபடி மஞ்சள் என்று ஓடுகிறது. பெட்டியில் ஒய்-எம்-சி-கே-ஓ என்று போட்டிருப்பது இந்த வரிசையைத்தான். அச்சுத்தலை படலத்தின் பின்பக்கத்தைச் சூடாக அழுத்தும்போது சாயம் அட்டைக்குள் இறங்குகிறது.

என் கவலை இது. 'மை' என்று படித்த மாணவர், அட்டையில் வெள்ளைக் கோடு விழுந்தால் மை அடைத்துக்கொண்டது என்றுதான் நினைப்பார். மை பீச்சும் பொறிகளில் துளையைக் கழுவிப் பழகியவர் இங்கேயும் கழுவப் போவார். கழுவ இங்கே துளையே இல்லை. பொருத்தமான சொல் தாருங்கள்.

பழுது பார்ப்பவர் எழுதியது:

வணக்கம் அம்மா. நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது. அச்சுத்தலையில் இருப்பது வரிசையாகப் பதித்த நுண்ணிய சூடேற்றிகள், ஓர் அங்குலத்துக்கு 300. அட்டை நீளவாக்கில் நகர்வதால் ஒரே ஒரு சூடேற்றி செத்தாலும் அட்டையின் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு வரும். தலையில் அழுக்கு ஒட்டியிருந்தாலும் அதே கோடுதான். அதனால் முதலில் பொறியை அணைத்து, தலை ஆறிய பிறகு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். முழுக்க உலர்ந்த பிறகுதான் மறுபடி இயக்க வேண்டும். துடைத்த பிறகும், ரிப்பனை மாற்றிய பிறகும், கோடு அதே இடத்தில் நின்றால் தலை போய்விட்டது என்று பொருள். குத்தூசி, பிளேடு எதுவும் ஆகாது. விரலும் படக்கூடாது.

கோடு சாய்வாக வந்தால் தலை மேல் பழி இல்லை. ரிப்பன் சுருங்கி மடிந்திருக்கிறது. இங்கும் அங்கும் வெள்ளைப் புள்ளி என்றால் அட்டையில் தூசி. தூய்மை உருளையின் பசை தீர்ந்திருக்கும், மாற்றுங்கள்.

என் ஓட்டு ரிப்பனுக்கே. பட்டறையில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பொறியைத் திறப்பவருக்கு ஒரு நொடி கூடத் தயக்கம் வரக்கூடாது.

தமிழாசிரியர் எழுதியது:

அன்புடையீர்,

முதலில் ஒரு புணர்ச்சி. 'மைநாடா' என்று இயல்பாக எழுதுவது பிழையில்லை, ஆனால் தனி ஐகாரத்தின் பின் மெல்லெழுத்து மிகுவதும் உண்டு. கைம்மாறு என்கிறோம் அல்லவா? அவ்வழியே மைந்நாடா. அச்சேறும் கையேடு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இனிப் பொருள். 'மை' என்றால் கருமை. 'மஞ்சள் மை' என்பதே உண்மையில் முரண். ஆனால் சொல் விரியும். எள்ளின் நெய் எண்ணெய். இன்று மண்ணிலிருந்து எடுப்பதையும் மண்ணெண்ணெய் என்கிறோம், எள்ளை அங்கே யாரும் தேடுவதில்லை. ஆகவே மையை விலக்க அதன் வேர் காரணமாகாது. பயிற்றுநர் சொன்ன காரணம், அதாவது மாணவர் தவறாகக் கழுவிவிடுவார் என்பது, வேறு. அதை ஏற்கிறேன்.

மாற்றாகச் 'சாயநாடா' என்று யாராவது சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை. சாயம் + நாடா = சாயநாடா. 'சாய' என்பது சாய்தல் வினையின் எச்சமாகவும் நிற்கும். 'நாடா' என்பதோ 'நாடாத' என்பதன் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டும் சேர்ந்தால் சாய விரும்பாத என்றும் ஒருவர் பொருள் கொள்ளலாம். நாடா என்னும் சொல்லைத் தறியில் ஓடும் நாடாவுக்கும் வழங்குகிறோம். நாண், நார், நாளம் ஆகியவற்றோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் துணிபு. இந்துஸ்தானி வழி வந்தது என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படுவதில்லை. நீண்டு மெலிந்து இழுபடுவன எல்லாம் இந்த 'நா' குடும்பம். இதை விரித்துத் தனி மடல் எழுதுவேன்.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, நார், நாண் விரிவுரைக்குக் காத்திருக்கிறேன். ஆனால் பயிற்றுநருக்கு அவசரம்.

ரிப்பனுக்குப் போகும் முன் இந்த அச்சு முறைக்கே பெயர் வேண்டாமா? உலகெங்கும் சாயப் பதங்க முறை என்ற பொருளில்தான் வழங்குகிறார்கள். நம் பாடநூலில் பதங்கமாதல் என்பது நன்கு வேரூன்றிய சொல். திண்மம் திரவமாகாமல் நேரே ஆவியாவது. அயோடினும் கற்பூரமும் எடுத்துக்காட்டு. சித்த மருத்துவத்தில் பதங்கம் ஒரு மருந்து வகையின் பெயர். கீழ்ச் சட்டியில் சரக்கைச் சூடேற்ற, ஆவி மேல் மூடியில் படிந்து திரளும். அதைச் சுரண்டி எடுப்பார்கள். பாடநூல் செய்தவர்கள் அங்கிருந்து எடுத்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். பட்டறைச் சொல்லும் மருத்துவச் சொல்லும் அறிவியலுக்குள் வருவது எனக்கு மிகவும் பிடித்த வழி.

இருந்தாலும் இந்தப் பொறிக்கு அந்தப் பெயர் சரியில்லை. நாடா அட்டையோடு ஒட்டி அழுந்தியிருக்கிறது. சாயம் சூட்டில் இளகி நேரே அட்டைப் பரப்பின் பிவிசி பிளாஸ்டிக்குக்குள் விரவுகிறது. ஆவியாகிப் பறந்து படிவதல்ல, விரவல்தான் பெரும்பங்கு. சூடு கூடினால் அதிகம் விரவும், குறைந்தால் வெளிறும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 நிலைகள். முகத்தின் நிழல்கூட இழைந்து வருவது அதனால்தான். ஆகவே 'சாய விரவல் அச்சு', அதற்குரியது 'விரவுநாடா' என்பது என் முன்மொழிவு.

பழுது பார்ப்பவர் எழுதியது:

ஆசிரியை சொன்ன விளக்கத்தைக் கையேட்டில் அப்படியே போடலாம் அம்மா. சூட்டைக் கூட்டினால் நிறம் அடர்த்தியாகும் என்று தெரிந்தவர், ரிப்பன் அடிக்கடி அறுவது ஏன் என்பதையும் தானே கண்டுபிடிப்பார். சூடு எல்லை மீறினால் ரிப்பன் அட்டையோடு ஒட்டி அறும். அறுந்த முனையை ஒட்டுநாடாவால் சுற்றும் சுருளில் ஒட்டி, சில சுற்று முன்னே தள்ளி, அடர்த்தி அளவைக் குறைத்துவிட்டு ஓட்ட வேண்டும்.

ஆனால் 'விரவுநாடா' கருப்புக்குப் பொருந்தாது. கருப்புப் பகுதி சாயம் இல்லை, பிசின். சூடு பட்டால் அப்படியே உரிந்து அட்டை மேல் ஒட்டும். உண்டு அல்லது இல்லை, நடுவில் சாயல் கிடையாது. எழுத்தும் பட்டைக்குறியும் கூர்மையாக வருவது அதனால்தான். கடைசிக் காப்புப் படலமும் உரிந்து ஒட்டுவதே. அது இல்லாவிட்டால் உரசலிலும் வெயிலிலும் படம் போய்விடும்.

தமிழாசிரியர் எழுதியது:

பாருங்கள்! நிறமுள்ள நான்கு பகுதியில் கருப்பு ஒன்றுதான் மேலே ஒட்டும் பொருள், நிறமும் கருமை. அதாவது உண்மையான பொருளில் மை என்று சொல்லத் தக்கது அது ஒன்றே. 'சாய மைந்நாடா' என்றால் இரண்டும் அடங்கும்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வணக்கம். மென்பொருள் தமிழாக்கம் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பொறியின் திரையிலும் கணினிச் சாளரத்திலும் 'ரிப்பன் தீர்ந்தது', 'ரிப்பன் பொருந்தவில்லை' என்ற பொருளில்தான் செய்தி வரும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக விளக்கும் பெயர் எவ்வளவு சரியாக இருந்தாலும் நீண்டுவிடும். திரையில் இடம் கிடையாது. பெயர் அடையாளம் காட்டினால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை. 'ரிப்பன்' வேண்டும், அல்லது வெறும் 'நாடா' வேண்டும். முன்னால் ஒட்டும் அடையில் நாம் சண்டை போடுகிறோம்.

தமிழாசிரியர் எழுதியது:

'ரிப்பன்' என்றே எழுதுவதானால் இரிப்பன் என்று எழுதுங்கள். ரகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் ஏற்றவர். வேற்றுச் சொல்லுக்குக் கதவை அடைத்தவர் அல்லர். ஆனால் வடசொல் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்று வரையறை செய்தார். வருபவர் வரட்டும், நம் வீட்டு வழக்கப்படி வரட்டும் என்பதே அந்நூற்பாவின் உள்ளம்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 'இரிப்பன்' என்று தேடு பெட்டியில் யாரும் தட்டமாட்டார்கள். கையேட்டின் பின்னால் அகரவரிசை இருந்தால் அதில் 'இ' பக்கத்தைத் திருப்பமாட்டார்கள். மொழிமுதல் விதியை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று ரயில், ரொட்டி, ரசீது என்று எழுதும் கைகள் நம்முடையவையே. விதி காத்த சொல் எவருக்கும் எட்டாமல் போனால், பொறி முன் நிற்பவர் ஆங்கிலக் கையேட்டைத்தான் எடுப்பார். அது தமிழுக்கு எந்த வகையில் நன்மை?

தமிழாசிரியர் எழுதியது:

எட்டாத சொல் என்று ஒன்று கிடையாது, எட்டச் செய்யாத ஆசிரியர்தான் உண்டு. பேருந்து என்ற சொல்லும் ஒருநாள் புதிதாகத்தான் இருந்தது.

இயற்பியல் ஆசிரியை எழுதியது:

இரண்டு பேரும் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள், ஆனால் பேருந்து பள்ளிப் பாடத்திலும் பலகைகளிலும் தொடர்ந்து வந்ததால் நிலைத்தது. இந்தக் கையேட்டை ஒரு வகுப்பு படிக்கப் போகிறது. அந்த அளவுக்குத்தான் நம் கைக்குள் இருக்கிறது. விரவுநாடாவைத் திரும்பப் பெறுகிறேன்; 'சாய விரவல்' என்ற முறைப்பெயர் மட்டும் முதல் பாடத்தில் இருக்கட்டும்.

பழுது பார்ப்பவர் எழுதியது:

இன்னொரு சொல் பாக்கி இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா என்று பிரிந்திருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வேண்டும். பொறி தொடங்கும்போது ஓர் ஒளியுணரி ரிப்பனை ஊடுருவிப் பார்த்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று தேடும். அந்த உணரியில் தூசி படிந்தால் பொறி இடம் தெரியாமல் ரிப்பனைச் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாமல் விலகும். இதை 'பேனல் தப்புகிறது' என்போம். நான் 'கட்டம்' என்று சொல்லித் தருகிறேன்.

கையேட்டில் இதையும் சேருங்கள்: பயன்படுத்திய ரிப்பனைக் குப்பையில் போடக்கூடாது. கருப்புக் கட்டத்தில் பெயரும் எண்ணும் உரிந்துபோன இடம் எழுத்தெழுத்தாகப் படிக்கும்படி தெரியும். வண்ணக் கட்டங்களில் முகமும் எதிர்ப்படிமமாக இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒருவருடைய அட்டை. துண்டாக்கி அழிக்க வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

கட்டம் வேண்டாம், 'பாத்தி' என்று சொல்லுங்கள். பகு என்னும் அடியில் பிறந்த சொல், பகுத்துவைத்தது பாத்தி. கட்டம் என்றால் நான்கு பக்கமும் கோடு வேண்டும். இங்கே ஒரே படலம் நிறத்தால் பகுக்கப்பட்டிருக்கிறது. வயலும் அப்படியே, ஒரே மண், வரப்பால் பகுத்தது. மஞ்சள் பாத்தி, கரும் பாத்தி. சொல்லிப் பாருங்கள், நாவுக்கு இதமாக இருக்கிறது.

பயிற்றுநர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று இரவு கோப்பை அனுப்ப வேண்டும், ஆகவே முடிவு செய்கிறேன். பெரும்பான்மை 'நாடா' பக்கம். கையேடு முழுதும் 'வண்ண நாடா' என்று போடுகிறேன். முதல் அத்தியாயத்தில், பட்டறையில் ரிப்பன் என்று வழங்குவது இதுவே என்று ஒரு வரி வரும். படங்களின் கீழும் ரிப்பன் என்ற சொல் இருக்கும். நிறமற்ற காப்புப் பகுதி 'வண்ணத்துக்குள்' அடங்காது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஆனால் மை என்ற சொல்லை நீக்குவதே எனக்கு வேண்டியிருந்தது. அச்சுத்தலையில் துளை இல்லை, கழுவக்கூடாது என்பதைத் தனிப் பெட்டியில் போடுகிறேன்.

துண்டுக்கு இப்போதைக்கு 'கட்டம்'. பாத்தி மிக அழகான சொல், ஐயா. ஆனால் பிழைச் செய்தியைப் படிப்பவர் சட்டென்று பிடித்துக்கொள்வாரா என்று உறுதியாகத் தெரியவில்லை. மாணவர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்.

பழுது பார்ப்பவர் எழுதியது:

சரி அம்மா. வண்ண நாடா என்றால் ரிப்பன் என்று நானும் சொல்லிப் பழக்குகிறேன்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

என் மாற்றுக்கருத்து பதிவில் இருக்கட்டும். மென்பொருள் திரையில் 'ரிப்பன்' என்றும் கையேட்டில் 'வண்ண நாடா' என்றும் இருந்தால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். அடுத்த பதிப்பில் இதை மறுபடி எழுப்புவேன்.

தமிழாசிரியர் எழுதியது:

நானும் எழுப்புவேன். 'வண்ண நாடா' என்றால் 'வண்ணத்தை நாடாத' என்றும் ஆகும் என்பதை எவரும் இன்னும் மறுக்கவில்லை. 'நா' குடும்பம் பற்றிய மடலைத் தனித் தலைப்பில் அனுப்பியிருக்கிறேன்.