ஓடிவரும் நாயை கேமரா ஃபோகஸ் பிடிக்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்
நண்பர்களே, மிரர்லெஸ் கேமராவில் தொடர் ஆட்டோஃபோகஸ் (நகரும் பொருளைக் கேமராவே விடாமல் பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்வது) பற்றி ஒரு சந்தேகம். எங்கள் நாய் குறுக்கே ஓடினால் எல்லாப் படமும் கூர்மை. நேராக என்னை நோக்கி ஓடிவந்தால்தான் வம்பு. முதல் நாலைந்து படம் சரி, அப்புறம் கண் மங்கி, பின்னால் இருக்கும் கழுத்துப்பட்டை பளிச்சென்று விழுகிறது. திரையில் ஃபோகஸ் கட்டம் மட்டும் கடைசிவரை கண்மேல்தான் இருக்கிறது!

ஷட்டர் 1/2000 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2.8, நொடிக்கு 15 படம். அதை நொடிக்கு 8 படமாகக் குறைத்தால் கொஞ்சம் தேறுகிறது. ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் விழட்டும் என்றுதான் அமைத்திருக்கிறேன், அதுதான் காரணமா? இல்லை, அடாப்டர் போட்டு மாட்டிய பழைய லென்ஸின் மோட்டார் ஈடுகொடுக்கவில்லையா? ட்ராக்கிங் உணர்திறனை (தூரம் மாறினால் ஃபோகஸ் எவ்வளவு சட்டென்று மாற வேண்டும் என்ற அமைப்பை) கூட்டுவதா, குறைப்பதா? புது லென்ஸ் வாங்கு என்பதைக் கடைசியாகச் சொல்லுங்கள்.