துடக்கு, பேட், பள்ளிக்கூடம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ

வெருகல் பிள்ளை:
வெருகல் பக்கம் ஒரு கிராமத்தில பொம்பிளப் பிள்ளையளுக்கு மாதவிடாய் பற்றிக் கதைக்கப் போனனாங்கள், மிட்வைஃப் மிஸ்ஸும் வந்தவ. கரு தங்காட்டி கருப்பைக்குள்ள படிஞ்ச சவ்வு கழண்டு வாறதுதான் இந்த ரத்தம், இதில அழுக்கு ஒண்டும் இல்ல என்டு படம் காட்டிச் சொல்லி முடிய பின்னுக்கு இருந்த ஒரு பெட்டை எழும்பி, "அக்கா, அந்த நேரம் கறிவேப்பிலை மரத்தைத் தொட்டா பட்டுப்போகும் என்டு அம்மம்மா சொன்னவ, நான் ஒவ்வொரு மாசமும் ஒளிச்சுப் போய்த் தொட்டுப் பாத்தனான், மரம் தளிர்க்குது" என்டாள். வாசல்ல நிண்ட கிழவி ஒராளின்ட முகம் கறுத்துப்போச்சு. அந்தப் பெட்டை வீட்ட போய் என்ன பட்டிருப்பாளோ என்டு நினைச்சா இன்னும் நித்திரை வரேல்ல.

சம்பூர்க்காரி:
2006ல சண்டைக்குள்ள சம்பூரை விட்டு வெளிக்கிட்டு அலைஞ்சு கடைசியா கிளிவெட்டி முகாம்ல இருந்தம். துணிதான். ஆம்பிளையள் போய்வாற இடம், வெயில்ல காயப்போட ஏலாது, கொடியில போட்டு மேலால சீலையை விரிச்சு மறைப்பம், அது எங்க காயிறது, ஈரத்தோட எடுத்துக் கட்டி தொடையெல்லாம் புண். ஒருநாள் காத்துக்குச் சீலை பறந்து என்ட துணி எல்லாருக்கும் முன்னால ஆடுது. அம்மா ஓடிவந்து இழுத்து மடிக்குள்ள செருகிப்போட்டு எனக்கு விட்டா ஒரு அறை. இப்ப அம்மாவும் இல்ல, அந்த அறை மட்டும் ஆறேல்ல.

மூதூர் ராத்தா:
எனக்கு நோன்பு மாசம். அந்த நாள்ல நோன்பு பிடிக்கக் கூடாது, விட்டதைப் பிறகு பிடிச்சுக் கழா செய்யோணும் என்டு மார்க்கத்திலயே இருக்கு. ஆனா வாப்பாக்கும் நானாமாருக்கும் தெரியக்கூடாது என்டு விடியமுந்திச் சாப்பிடுற சஹருக்கும் எழும்பி நடிக்கிறது. பகல்ல குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு தண்ணி குடிக்கேக்க நானா வந்திட்டார், வாயில தண்ணி, விழுங்கவும் ஏலாது துப்பவும் ஏலாது. அவர் ஒண்டும் பேசாம தம்பிமாரைக் கூட்டிட்டு கடற்கரைக்குப் போயிட்டார், நான் சாப்பிடட்டும் என்டு. அவருக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு.

உப்புவெளி தம்பி:
வெருகல் பிள்ளை, கிழவியளைக் குறை சொல்லாதேங்கோ. ஒதுக்கி வச்சது ஓய்வுக்கு. அக்கா சாமத்தியப்பட்டபோது உளுந்துக்களி, நல்லெண்ணெய், முட்டை என்டு எவ்வளவு குடுத்தவை.

சம்பூர்க்காரி:
களி முதல் தரம் மட்டும்தான் தம்பி. அடுத்த மாசம் வயலுக்கும் விறகுக்கும் போகத்தான் வேணும், சாமி அறையும் குசினியும் மட்டும்தான் ஆகாது. இதுக்குப் பேர் ஓய்வோ?

வார்ட் அக்கா:
நான் நேர்ஸ். ஒரு பிள்ளையைக் கொண்டந்தினம், உதடு வெள்ளை, படி ஏற மூச்சு வாங்குது. பள்ளிக்கூட டொய்லட்டில தண்ணி இல்ல என்டு காலமை வச்ச பேட்டோட பின்னேரம் வரை இருக்கிறதாம், பத்து நாள் ரத்தம் படுதாம். தாய் "எங்களுக்கும் உப்பிடித்தான்" என்டா.

ஒருத்தரும் கேக்கேல்ல, எண்டாலும் சொல்றன். பேட்டோ துணியோ 4-6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தோணும். துணியை சோப் போட்டுக் கழுவி நல்ல வெயில்லதான் காயவிடோணும், வெக்கம் பாத்தா சம்பூர் அக்கா பட்ட புண்தான். 7 நாளுக்கு மேல பட்டாலோ மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைஞ்சாலோ கிளினிக்குக்கு வாங்கோ, ரத்தச்சோகை வந்திடும். முதல் ரெண்டு மூண்டு வருசம் 21 நாள்லயும் வரும் 45 நாள்லயும் வரும், பயப்பிடத் தேவையில்ல. 15 வயசாகியும் வராட்டி காட்டுங்கோ. முருங்கை இலை, நெத்தலி, பயறு நல்லாக் குடுங்கோ, தேசிக்காய்ப் புளி விட்டா இரும்புச்சத்து நல்லா உடம்பில சேரும், சாப்பிட்ட உடன பிளேன்ரீ வேண்டாம். வயித்துக்குத்துக்கு சுடுதண்ணிப் போத்தல் வைக்கலாம், மெபனமிக் அசிட் குளிசை எண்டா சாப்பிட்ட பிறகுதான், அதுவும் அல்சர் ஆஸ்துமா இருக்கிற பிள்ளையளுக்கு டொக்டரைக் கேக்காமக் குடுக்காதேங்கோ.

தம்பலகாமத்தான்:
அக்கா, என்ட மகளுக்கு 11 வயசு. மனிசி குவைத்தில. நான் சொல்லலாமோ, இல்லாட்டி மாமியை வரச்சொல்லவோ?

வார்ட் அக்கா:
நீங்களே சொல்லுங்கோ அண்ணா, வரமுந்திச் சொல்லோணும். ஒரு பேட் பக்கெட் வாங்கி ஒண்டைப் பிரிச்சு உள்ளாடையில எப்பிடி ஒட்டுறது என்டு காட்டுங்கோ, மிச்சத்தில ரெண்டும் மாத்து உடுப்பும் புத்தகப் பைக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ. ரத்தத்தைக் கண்டா காயம் என்டு பயப்பிடாம உங்களிட்ட வந்து சொல்லலாம் என்டும் சொல்லிவிடுங்கோ. மாமி வாறதெண்டா வரட்டும், ஆனா அவவுக்காகக் காத்துக்கொண்டு இருக்காதேங்கோ.