லிஸ்பன் – ஹெல்சிங்கி: உண்மையில் எத்தனை மணி நேரம்?

மதுரை மீனா:
வணக்கம். ஜனவரியில் அம்மாவை லிஸ்பனிலிருந்து ஹெல்சிங்கியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறேன். டிக்கெட்டில் காலை 10.00-க்குக் கிளம்பி மாலை 4.40-க்குச் சேருவதாகப் போட்டிருக்கிறது. கழித்துப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம். திரும்பும்போது மாலை 5.30-க்கு ஏறி இரவு 8.40-க்கு இறக்கம், மூன்று மணி சொச்சம்தான். ஒரே வழிக்கு ஏன் இப்படி? அம்மா இரண்டு வேளையும் இன்சுலின் போடுபவர். அதனால் சரியாகத் தெரிய வேண்டும்.

வான்டாவாசி:
இந்த வழியில் வருஷம் இரண்டு முறையாவது போய் வருகிறேன் அக்கா. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். ஃபின்லாந்து போர்ச்சுகலைவிட 2 மணி நேரம் முன்னால். போகும்போது இரண்டைக் கழியுங்கள், 4.40. வரும்போது கூட்டுங்கள், 5.10. மிச்ச அரை மணிக்குக் காரணம் காற்று. உயரத்தில் அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும்.

நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 3,360 கிலோமீட்டர். பாதி வழி ஏறக்குறைய ப்ரஸ்ஸல்ஸ் பக்கம் வரும்.

ஜனவரி என்பதால் இன்னொன்று. திரும்பும்போது விமானம் ஓடுபாதைக்குப் போகுமுன் பனி நீக்குவார்கள். போன குளிர்காலத்தில் என் ஜன்னலுக்கு வெளியே ஒரு வண்டியின் கை உயர்ந்து வந்து, இறக்கை மேல் ஆரஞ்சு நிறத் திரவத்தைச் சூடாகப் பீய்ச்சியது. ஆவி கிளம்பி ஜன்னலே மறைந்துவிட்டது. அப்புறம் பச்சை நிறத்தில் இன்னொன்று. அன்று அரை மணி தாமதம். அம்மா பயந்துவிடாமல் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மதுரை மீனா:
ரொம்ப நன்றி தம்பி. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் 90 யூரோ குறைகிறது. சுற்று அதிகமோ?

கிழக்குக்காற்று:
சுற்றே இல்லை அம்மா. லிஸ்பன்–ஆம்ஸ்டர்டாம் சுமார் 1,850, அங்கிருந்து ஹெல்சிங்கி சுமார் 1,520. கூட்டினால் நேர்வழித் தூரம்தான். ஆனால் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும், நடுவில் நீண்ட நடை, காத்திருப்பு. வயதானவரைத் தனியாக அனுப்புகிறீர்கள், 90 யூரோ போனால் போகட்டும், நேர் விமானத்திலேயே அனுப்புங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்று 48 மணி நேரம் முன்பே சொல்லிவிடுங்கள், ஐரோப்பிய விதிப்படி அதற்குக் காசு கிடையாது. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் அது உறைந்துபோகலாம்.

மதுரை மீனா:
நேர் விமானமே போட்டாயிற்று. டாக்டரிடமும் பேசினேன், அன்று ஒரு நாள் ஊசி லிஸ்பன் நேரப்படியே இருக்கட்டும் என்றார். அம்மாவின் கைக்கடிகாரத்தை மாற்றாமல் அனுப்புகிறேன். ராத்திரி ஊசி போட்டு முடித்த பிறகு தங்கை முள்ளை இரண்டு மணி தள்ளி வைத்துக் கொடுப்பாள்.