பூங்காக் கழிவு உரத் திட்டத்தை மேற்பார்வையிடுவது எப்படி?

கேள்வி: பூங்காப் பராமரிப்பு, மட்கு உரத் தயாரிப்பு, மரம் நடுதல் ஆகிய மூன்றும் எங்கள் மாநகராட்சியில் ஒரே துறையிடம் உள்ளன. காலாண்டு அறிக்கையில் எத்தனை டன் கழிவு வந்தது என்ற கணக்கு மட்டுமே இருக்கிறது. திட்டம் உண்மையிலேயே நடக்கிறதா என்பதை மாமன்றக் குழு எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்?

பதில் 1: உள்ளே வந்த எடையோடு வெளியே சென்ற உரத்தின் எடையையும், கழிவிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கின் எடையையும் கேளுங்கள். மட்கும்போது ஈரமும் கரியமில வாயுவும் வெளியேறுவதால் எடை ஏறத்தாழ பாதியாகக் குறையும். 100 டன் வந்து 90 டன் உரம் வெளியேறியதாகக் கணக்கு சொன்னால், ஒன்று சரியாக மட்கவில்லை, அல்லது மண் கலந்திருக்கிறது.

பதில் 2: எடையைவிட வெப்பநிலைப் பதிவேடுதான் முக்கியம் என்பேன். திறந்தவெளி வரிசைக் குவியலில் 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பம் 15 நாள் நீடித்து, அதற்குள் ஐந்து முறையாவது கிளறிவிட்டால்தான் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அழியும். ஒரே பேனாவில், நாள்தோறும் 58 என்றே எழுதப்பட்ட பதிவேடு ஒன்றை நான் புரட்டியிருக்கிறேன். எந்தக் குவியலுக்கும் அவ்வளவு ஒழுக்கம் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால், காற்றோட்டம் இல்லை என்று பொருள்.

பதில் 3: செயல்படுத்தும் துறையே தன்னைத் தணிக்கை செய்துகொள்வதுதான் அடிப்படைச் சிக்கல். மரங்களிலும் இதே கதை: நட்ட கன்றுகளை எண்ணுகிறார்கள், மூன்றாண்டுக்குப் பின் பிழைத்தவற்றை எண்ணுவதில்லை.

கேட்டவர்: நன்றி. அடுத்த கூட்டத்தில் முதலில் பதிவேட்டைக் கேட்கிறேன்.