89-வது அடுக்கில் தடுமாறும் நிரல்: உதவி தேவை

வணக்கம். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்த எண் பகா எண்தானா என்று பார்க்க, லூக்கா–லேமர் சோதனையை சி மொழியில் எழுதியிருக்கிறேன். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2 கழித்து, அந்த எண்ணால் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போக வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண். அடுக்கு 5-க்கு, அதாவது 31 என்ற எண்ணுக்கு, 4, 14, 8, 0 என்று அழகாக முடிகிறது.

அடுக்கு 61 வரை எல்லாம் சரி. அடுக்கு 67-க்குப் பகு எண் என்கிறது. அது உண்மைதான், 1903-இல் கணிதவியலாளர் கோல் அந்த எண்ணை 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டிவிட்டார். ஆனால் அடுக்கு 89, 107, 127 மூன்றுக்கும் பகு எண் என்கிறது. இந்த அடுக்குகளுக்கு வரும் எண்கள் மூன்றுமே பகா எண்கள்! அப்படியானால் 67-க்கு வந்த விடையையும் நம்ப முடியவில்லை.

உபுண்டு, ஜிசிசி தொகுப்பி, குறியில்லாத 128 பிட் முழு எண். இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். சுற்று எண்ணிக்கையைச் சரிபார்த்தேன், அடுக்கு 67 என்றால் 65 சுற்று. கழித்தல் எதிர்மறையாகப் போகாமல் பார்த்துக்கொண்டேன். அப்புறம் இதே நிரலைப் பைத்தானில் எழுதினால் எல்லாம் சரியாக வருகிறது. வர்க்கம் 128 பிட்டைத் தாண்டுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெளி நூலகம் எதுவும் சேர்க்காமல், சி-யிலேயே அந்த வர்க்கத்தின் மீதியைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி?