புதுப்பிப்பு: கப்பலில் முதல் நாள்

அம்மாவுக்குத் தலைசுற்றுமா, எந்தத் தளத்தில் அறை எடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? நடுப்பகுதியில், கீழ்த்தளத்திலேயே எடுத்தோம். ஆட்டம் அங்கேதான் குறைவு என்று சொன்னவர்களுக்கு நன்றி. சிங்கப்பூர் மரினா பேயில் ஏறி, மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு போகிறோம். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய் தீபகற்பம் என்பதால் பெரிய அலையே இல்லை. அம்மா தயிர்சாதம் கிடைக்குமா என்று கேட்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார்!

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் கூடுமிடத்துக்கு வந்துவிட வேண்டும். பையன் சலித்துக்கொண்டான். 2012-இல் இத்தாலி அருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சுற்றுலாக் கப்பல் விபத்துக்குள்ளான பிறகு விதியே இறுகிவிட்டது, பயிற்சியிலிருந்து தப்ப முடியாது.

அப்புறம், கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். கரை விலகியதும் கப்பலின் செயற்கைக்கோள் ரோமிங் பிடித்துக்கொள்ளும், பில் எகிறும்.